ஒரு பெட்டி, இரண்டு கணக்கு

கேம் ஆட கம்ப்யூட்டர் வாங்கப் புறப்படும் இளைஞர்கள் முதலில் விசாரிப்பது கிராபிக்ஸ் கார்டை. பணமெல்லாம் தீர்ந்த பிறகு, கடைசியாக விசாரிப்பது பவர் சப்ளையை. திருவனந்தபுரம் மாதிரி ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருப்பது நல்லது. உப்புக் காற்று, ஓயாத ஈரம், துலா மாதத்து மாலை இடி, எல்லாவற்றுக்கும் முதலில் ஈடுகொடுக்க வேண்டியது மின்சாரம் நுழையும் அந்தச் சின்னப் பெட்டிதான்.

சாலைக் கடைத் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 2025-ல் இந்த வரிசைதான் வழக்காக மாறியது. பூர்வீகம் நாகர்கோவில். (1956 நவம்பர் வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலத்தில் இருந்தன என்பதால், இடம்பெயர்ந்தவர்கள் என்று சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும்.) அப்பா, கெல்ட்ரான் டிவி காலத்தில் தொழில் கற்ற மெக்கானிக். டிவியை யாரும் பழுது பார்க்காத காலம் வந்ததும் கடையை மூடிவிட்டார். மகன் பி.காம். மாணவன். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். எடிட்டிங் எத்தனை மணி நேரம், ஆட்டம் எத்தனை மணி நேரம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கே.எஸ்.எஃப்.இ. சிட்டியில் எடுத்த ஒரு லட்சத்தில் நாற்பதாயிரம் ஒழுகும் கூரைக்கு, அறுபதாயிரம் கம்ப்யூட்டருக்கு என்று முடிவானது. செப்டம்பரில் மகன் போட்ட பட்டியலில் குற்றம் சொல்ல முடியாது. ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம், எட்டு ஜிபி நினைவகத்துடன் ஆர்எக்ஸ் 6600 கார்டு. பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கே போனது. கேமிங் பெட்டியில் அது நியாயம்தான்.

சிட்டிப் பணம் கைக்கு வந்தது நவம்பரில். அதற்குள் உலகம் மாறிவிட்டது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளைத் தயாரிப்பாளர்கள் திருப்பிவிட, ராம் விலை மடங்கு கணக்கில் ஏறியது. எஸ்எஸ்டி விலையும் பின்னாலேயே ஏறியது. எங்கோ அமெரிக்காவில் கட்டும் கட்டடத்துக்குச் சாலைத் தெருவில் வரி கட்டியது போல ஆயிற்று. பட்டியலில் எதையாவது வெட்டியே தீர வேண்டும்.

மகன் வெட்டியது பவர் சப்ளையையும் யுபிஎஸ்ஸையும். கடையில் மேலே 500 வாட் என்று அச்சிட்ட மலிவுப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அப்பா அதைக் கையில் வாங்கி ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே டிரான்ஸ்பார்மரும் கபாசிட்டரும் ஒழுங்காக இருந்தால் கனம் இருக்கும் என்பது பழைய தொழில்காரரின் தராசு. எப்போதும் சரியாக வராது; ஆனாலும் பெரும்பாலும் ஏமாற்றாது.

"லே மக்களே, கார்டு பெறகு வாங்கலாம். கரண்டு இன்னிக்கே வருது."

"கார்டு இல்லாம என்னப்பா கேமிங் பிசி?"

பழைய கார்டு ஒன்றும் பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் வெட்டியெடுப்பது நின்ற பிறகு, இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தையில் கொட்டின. இது அந்த வகையா என்று விற்றவர் சொல்லவில்லை. வாரண்டியும் இல்லை. திருகு ஆணிகளில் பச்சைப் பூப்பு. கடற்கரை வீடுகளின் டிவிக்களில் அப்பா முப்பது வருடம் பார்த்த பச்சை அது. மகனே கீழே வைத்துவிட்டான்.

வழியைக் கண்டுபிடித்ததும் மகன்தான். 5600-க்குப் பதில் 5600ஜி. கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. வேலரன்ட் நன்றாக ஓடும். ஜிடிஏ 5, அமைப்புகளைக் குறைத்தால் ஓடும். ஆனால் இந்தச் சிப்புக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் கடன் வாங்கும். அதனால் ஒரே 16 ஜிபி துண்டை விட எட்டு எட்டாக இரண்டு துண்டு வேகம். கேட் ஒன்று திறப்பதற்கும் இரண்டு திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று அப்பா உடனே பிடித்துக்கொண்டார். பின்னால் கார்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 5600ஜி பழைய பிசிஐ 3.0 தலைமுறையைச் சேர்ந்தது. நான்கு வழித்தடம் மட்டும் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டு இதில் நொண்டும். எட்டு வழித்தடம் உள்ள 6600 அவ்வளவாகச் சிரமப்படாது.

மிஞ்சிய பணத்தில் நல்ல 550 வாட் பவர் சப்ளை, ஒரு யுபிஎஸ். கண்ணாடி முகப்பு கேபினட்டை மகன் ஆசைப்பட்டான். காற்று போக வலை முகப்பே போதும் என்றானது. வலைக்குள் எறும்பு வரும், பின்பக்க ஓட்டைகளில் பல்லி நுழையும். பயன்படாத ஓட்டைகளுக்கெல்லாம் தகடு போட்டார் அப்பா. பல்லியால் செத்த டிவிக்களின் கணக்கு அவரிடம் உண்டு. வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது யுபிஎஸ் வந்த பிறகும் மாறாத சட்டம்.

நாற்பதாயிரத்தில் முன்னறைக் கூரை மட்டும் முடிந்தது. டிசம்பரில் அப்பா இன்னொரு சிட்டியில் சேர்ந்திருக்கிறார். அது கார்டுக்கு என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சமையலறை ஓட்டுக்கு என்று அம்மா.