கப்பலுக்கு முன் ஒரு டச்சு வாரம்

2025 ஜூன் 1, ஞாயிறு. எழுமலை

அடுத்த ஏப்ரலில் நெதர்லாந்துக்கு வரச்சொல்லி ஐந்தோவனிலிருந்து மகள் பேசினாள். ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு, ஆம்ஸ்டர்டாமில் கப்பலேறி ரைன் நதியில் போகலாமாம். துலிப் பூக்கும் பருவம், கால்வாய்கள், ரைக்ஸ் அருங்காட்சியகம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். வீட்டுக்காரர் அப்போதே நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

போவோம். அதற்கு முன்பு நான் பார்த்தாக வேண்டிய ஊர்கள் சில இங்கே இருக்கின்றன. வரலாற்று ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் ஐரோப்பியர் வருகை பாடத்தில் டச்சுக்காரருக்குச் சில வரிகள்தான் இருந்தன. அவர்கள் தமிழ்க் கரையில் இருந்ததோ இருநூறு ஆண்டுக்கு மேல். தூத்துக்குடி, குளச்சல், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகியவற்றை ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் யாழ்ப்பாணத்தில் முடிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அதற்கப்புறம்.

மகளிடம் சொன்னேன். "அம்மா, அங்கயும் கோட்டை, கப்பல்னா இங்க எதுக்கு வாரீங்க?" என்றாள். இங்கே பார்த்துவிட்டு வந்தால்தான் அங்கே பார்ப்பது புரியும் என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஏன் புரியும் என்பதை இன்று எழுதி வைக்கிறேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602-இல். அவர்கள் தேடி வந்தது ஜாவா, சுமத்ராப் பக்கத்து மிளகும், மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும். ஐரோப்பியச் சரக்குக்கு அந்தத் தீவுகளில் மதிப்பில்லை. அங்குள்ளவர்கள் உடுத்தவும், சீர் கொடுக்கவும், சேமித்து வைக்கவும் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. துணி இல்லாமல் மிளகு இல்லை என்று கண்டுகொண்ட பிறகுதான் டச்சுக்காரர் நம் கரையில் கொத்தளம் கட்டினார்கள். இங்கே நெய்த துணி கிழக்கே போய் நறுமணப் பொருளாக மாறி, ஆம்ஸ்டர்டாம் போய்ப் பணமானது. கால்வாய்க்கரை மாளிகைகளை எழுப்பிய வணிகப் பணத்தில் நம் நெசவாளியின் தறிக்கும் பங்கு உண்டு.

எழுமலையிலிருந்து பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் போனால் கரிசல் பூமி, பருத்தி விளைகிற மண். பருத்தி பறித்த கைகளை நான் அறிவேன். அந்தப் பஞ்சு நூலாகித் துணியாகிக் கடல் கடந்த கதையை அறியாமல், அதில் பிறந்த செல்வத்தை மட்டும் அருங்காட்சியகத்தில் போய் வியக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 6, வெள்ளி

தம்பியும் அவன் மனைவியும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எல்லோருமாக உட்கார்ந்து தென்பகுதியை முடிவு செய்தோம்.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை: பேரையூர், தே.கல்லுப்பட்டி, விருதுநகர் வழியாகத் தூத்துக்குடி. போர்ச்சுக்கீசியரிடமிருந்து இந்த ஊரை டச்சுக்காரர் பிடித்தது 1658-இல். முத்துக்குளித்துறை அவர்கள் கைக்குப் போனது. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அவர்கள் ஆண்டபோதும் பரதவர்கள் கத்தோலிக்கராகவே நின்றார்கள். கடலும் முத்தும் கைமாறின, மாதா கோயில் கைமாறவில்லை. பனிமய மாதா ஆலயத்தையும், 1750-இல் டச்சுக்காரர் கட்டிய திரித்துவ ஆலயத்தையும் ஒரே நாளில் பார்த்தால் இந்த வரலாறு கண்முன் நிற்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு: குளச்சல். 1741-இல் இதே தேதியில்தான் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கம்பெனிப் படையை அங்கே தோற்கடித்தது. கடற்கரையில் வெற்றித் தூண் இருக்கிறது. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரின் படைத்தலைவர் ஆனார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார். 1777-இல் இறந்தவரின் கல்லறை தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதிலுள்ள எழுத்துகள் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியவை.

"அந்தக் கல்லறையை நான் கட்டாயம் பார்க்கணும் மதினி" என்றாள் தம்பி மனைவி. அதற்குக் காரணம் உண்டு. நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை அலுவலர் டிலனாயிடம் கிறித்தவம் அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. தோற்ற தளபதி ஒருவர் தொடங்கி வைத்த பேச்சு இருநூற்று எழுபது ஆண்டுக்கும் மேல் கடந்து ரோமாபுரி வரை போயிருக்கிறது.

அன்றிரவே நாகர்கோவிலில் சென்னைக்கு ரயில்.

ஜூன் 8, ஞாயிறு

பழவேற்காடு. வாரத்தின் கனமான நாள் இதுதான். அதனால் ஆகஸ்ட் 11 முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து. 1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அனுமதியோடு டச்சுக்காரர் அங்கே குடியேறினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையிடம் அதுவே. துணியும் வெடிமருந்தும் அங்கிருந்து போயின. மனிதர்களும் போனார்கள். பஞ்சத்திலும் போரிலும் நிலைகெட்டு விற்கப்பட்ட தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள்.

கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடு. எஞ்சி நிற்பது கல்லறைத் தோட்டம். எழுபத்தாறு கல்லறைகள், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். நுழைவாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே கிடக்கும் வணிகர்கள், அதிகாரிகள், அவர்களுடைய மனைவி மக்கள் பெயரெல்லாம் கல்லில் இருக்கின்றன. அதே துறையிலிருந்து கட்டி ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல் கிடையாது. பழவேற்காட்டில் நின்று நான் நினைக்க வேண்டியவர்கள் அவர்களே. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிற ஆசிரியர்கள் முதலில் சொல்ல வேண்டியதும் அதைத்தான்.

ஜூன் 11, புதன்

ஆகஸ்ட் 12: கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம். கடலைப் பார்த்து நிற்கும் செங்கல் கோட்டை, உள்ளேயே கல்லறைகள், தானியக் கிடங்கு. மெல்லிய மஸ்லின் துணி ஏற்றுமதியான துறை அது. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதின. மாமல்லபுரம் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், அவர்களில் இந்தக் கோட்டைக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் சிலரே. இரவு மாமல்லபுரத்தில் தங்கல்.

ஆகஸ்ட் 13: கடலூர், பரங்கிப்பேட்டை வழியாகக் கீழே இறங்கி நாகப்பட்டினம். இரண்டு ஊரிலும் டச்சுக்காரர் பண்டகசாலை வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். தரங்கம்பாடியில் அரை நாள் வேண்டும் என்றார் இவர். "மச்சான், அது டேனிஷ்காரன் கோட்டை. நம்ம போறது டச்சுக்காரனைப் பார்க்க" என்றான் தம்பி. அவன் சொன்னது சரி. டேன்ஸ்போர்க் கோட்டை 1620-இல் டென்மார்க்குக்காரர்கள் கட்டத் தொடங்கியது. டேனிஷையும் டச்சையும் ஒன்றாக நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். போகிற வழியில் தேநீர் குடிக்கும் நேரத்துக்கு இறங்குவது என்று முடிந்தது. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் மனத்தில் தங்காது.

ஜூன் 14, சனி

நாகப்பட்டினத்துக்கு ஆகஸ்ட் 14 முழு நாள். 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்து, 1690-இல் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். அவ்வளவு பெரிய கோட்டை இருந்த சுவடு இன்று இல்லை. 1774-இல் கட்டிய புனித பேதுரு ஆலயமும் பழைய கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன.

அங்கிருந்து கீழ்வேளூர்ப் பக்கம் ஆனைமங்கலம் போகிறோம். அந்த ஊரில் சுற்றுலாப் பலகை எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை, ஊரைப் பார்க்கவே போகிறோம். கடாரத்து அரசன் நாகையில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், இந்த ஊரைக் கொடையாகக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தவன் மகன் ராஜேந்திரன். இருபத்தொரு ஏடுகள், வடமொழியிலும் தமிழிலும். சோழ அரசனின் முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டச்சுக்காரர் நாகையை ஆண்ட காலத்தில், அவை நெதர்லாந்துக்குப் போயின. 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தன. அதனால்தான் சோழர் பட்டயத்துக்கு லெய்டன் என்று பெயர் வந்தது. சைவ அரசன், பௌத்த விகாரம், கடல் கடந்த நட்பு மூன்றையும் ஒருசேரச் சொல்லும் ஆவணம் அது. பட்டயம் பேசுகிற மண்ணை மிதித்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆகஸ்ட் 15 காலியாக விட்டிருக்கிறேன். "ஒரு நாள் வீணாப் போகுதே" என்றார் வீட்டுக்காரர். கப்பல் கிளம்பும் அன்று காலையில் துறைமுகத்துக்கு ஓடி வருவது ஆகாத காரியம். முந்தின நாளே ஊரில் இருக்க வேண்டும். பேருந்து தாமதித்தாலும், யாருக்கேனும் உடம்புக்கு முடியாமல் போனாலும் அந்த ஒரு நாள் தாங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஜூன் 17, செவ்வாய்

கப்பல் விவரம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் படகுச் சேவையை 2023 அக்டோபர் 14-இல் தொடங்கினார்கள், சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-இலிருந்து 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடுகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். நாங்கள் ஏறப்போவது ஆகஸ்ட் 16, சேவைக்கு ஓராண்டு நிறைகிற நாள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், சேவையை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஐப்பசிக்கு முன்பே போய்த் திரும்ப வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். இலங்கைக்கான மின் அனுமதியை இணையத்திலேயே வாங்கிவிடலாம். மூட்டைக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு, ஆளுக்கு ஒரு பைதான்.

அக்கரையில் நாங்கள் பார்க்கப்போவது யாழ்ப்பாணக் கோட்டை. போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-இல் பிடித்து, ஐந்து முனை நட்சத்திர வடிவில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், திருத்திக் கட்டியது. உள்ளே 1706-இல் எழுந்த தேவாலயம் போரில் இடிந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை வழக்கங்களான தேசவழமையை 1707-இல் தொகுத்து எழுதியவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவர். அது இன்றும் அங்கே சட்டம்.

வரைபடத்தைத் தரையில் விரித்து மகளுக்கு வீடியோவில் காட்டினேன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், அனலைதீவு ராட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றவை மறைந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் இன்றும் வழக்கில் இருக்கிறது. அங்கே பவளக்கல் கோட்டையின் இடிபாடும், காட்டுக் குதிரைகளும் உண்டு. "அப்ப நீங்க எனக்கு முந்தியே ஆம்ஸ்டர்டாம் பார்த்திருவீங்க" என்றாள் மகள். ஏப்ரலில் நாங்கள் அவள் ஊருக்குப் போகிறபோது இந்தப் பட்டியலையே கையில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள். ஆம்ஸ்டர்டாமில் கம்பெனியின் பழைய தலைமையகக் கட்டடத்துக்கும் கூட்டிப் போவதாகச் சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

திட்டம் முடிந்தது. ரயிலுக்குப் பதிவு செய்தாயிற்று. தங்குமிடங்களுக்கும் சொல்லியாயிற்று.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மதுரைப் பக்கத்திலிருந்தும் கரிசல் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்காக நெதர்லாந்து போகிறார்கள், பெற்றவர்கள் பார்க்கப் போகிறார்கள். தாராளமாகப் போய்வாருங்கள். போகும் முன் பழவேற்காட்டுக்கு ஒரு நாள், நாகப்பட்டினத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கெல்டிரியா மேட்டுப் புதரை வெட்டி, அங்கிருந்து அடிமைகளாக அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுக் கல் வைக்க அரசிடம் கேளுங்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தைத்தான் அரசும் கவனிக்கும்.