‘தமிழ்’ என்ற மாட்யூல் எங்கே?

ஓப்பன்-தமிழ் நூலகத்தை வைத்துச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் பைத்தான் நிரல் தனியே சரியாக ஓடும். அதற்கான யூனிட் டெஸ்ட் மட்டும் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடும். தவறு பெரும்பாலும் நிரலில் இல்லை, தேடும் இடத்தில் இருக்கிறது. இம்போர்ட் வரியைக் கண்டதும் பைத்தான், சிஸ்.பாத் பட்டியலில் உள்ள இடங்களில் வரிசையாகத் தேடுகிறது. டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்பை நேரடியாக இயக்கினால் பட்டியலின் முதலிடத்தில் அந்த ஃபோல்டரே வந்து நிற்கும். பக்கத்து ஃபோல்டரில் உள்ள மூல நிரல் பைத்தானின் கண்ணில் படாது. புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் இருந்து ‘பைத்தான் -எம் யூனிட்டெஸ்ட்’ என்று இயக்கினால் முதலிடம் மேல் ஃபோல்டருக்குப் போகும். பைடெஸ்ட்டில் 7.0 பதிப்பிலிருந்து இதற்கென்றே பைத்தான்பாத் என்ற அமைப்பு உண்டு. எல்லாவற்றிலும் உறுதியான வழி, புராஜெக்டையே பிப் கொண்டு எடிட்டபிள் முறையில் நிறுவிவிடுவது. ஒவ்வொரு டெஸ்ட் கோப்பிலும் சிஸ்.பாத்தைத் திருத்தி ஒட்டுப்போட்டால் அது அடுத்தவர் கணினியில் பிய்ந்துவிடலாம்.

ஓப்பன்-தமிழில் புதியவர்களைத் தடுமாற வைப்பது இன்னொன்று. பிப்பில் நிறுவும் பெயர் ‘ஓப்பன்-தமிழ்’; இம்போர்ட் செய்ய வேண்டிய பெயர் வெறும் ‘தமிழ்’, அதுவும் ஆங்கில எழுத்தில். டெஸ்ட் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டால் அது நூலகத்தை மறைத்துவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.