பத்தாவது வருசம்

போன ஆவணியில் ஒரு இரவு, சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அம்மா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு இருத்தினா.

"வேலையை விடலாமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அம்மா எங்களிட்ட அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா இல்லாத வீட்டில் எல்லா முடிவையும் அவவே எடுத்துவிட்டுப் பிறகுதான் எங்களுக்குச் சொல்லுவா. எங்களில் ஒராள் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம், ஒராள் ஏ.எல். எடுக்க இருந்தவர், கடைசி ஆள் எட்டாம் வகுப்பு. மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "இப்ப வேண்டாம் அம்மா."

அந்தப் பதிலை இப்ப நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒராளுக்குக் கம்பஸ் போர்டிங் காசு, ஒராளுக்கு ரியூசன் காசு, சின்ன ஆளுக்கு ஆரோ கடன்காரர் வாசலுக்கு வந்துவிடுவினம் என்ற பயம். அம்மாவைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு 42 வயது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு காமன்ட்ஸில் லைனில் தைக்கிறா. விடிய ஐந்தரைக்கு பஸ். டாகெட் முடியாவிட்டால் இரவு ஏழு மணிக்கும் வீடு வரமாட்டா. வலது தோள் நோகுது என்று இரண்டு வருடமாகச் சொல்லுறா. அந்த வருடம் தொடக்கத்தில் இருந்து சனி பின்னேரமும் ஞாயிறும் நோயாளர் பராமரிப்புப் பாடநெறி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தா. முடித்தால் என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம்.

நாங்கள் அதை ஒரு பொழுதுபோக்கு மாதிரித்தான் பார்த்தோம். படித்ததை எங்களில்தான் பழகுவா. மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவா. சின்ன ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து, படுக்கையில் கிடக்கிற நோயாளியை எப்படித் திருப்பிறது என்று காட்டுவா. ஒருநாள் அப்படித் திருப்பிக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்துவிட்டு நின்றா.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்க வேணுமாம். இது அப்பவே தெரிஞ்சிருந்தா அம்மம்மாக்கு முதுகில அந்தப் புண் வந்திராது."

அம்மம்மா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவ. அம்மா வேலையால் வந்து, குளிக்காமல் கொள்ளாமல், அவவைத்தான் முதல் பார்ப்பா. இந்தப் படிப்பு எங்கிருந்து தொடங்கினது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கினது.

சிக்கல் படிப்பில் இல்லை. வகுப்பு முடிந்தபிறகு ஆறு மாதம் கிழமை நாட்களில் தொழிற்களப் பயிற்சிக்குப் போக வேண்டும். லைனில் இருந்துகொண்டு அதைச் செய்ய ஏலாது. பயிற்சி ஐப்பசியில் தொடங்கும், அதைத் தவறவிட்டால் அடுத்தது தையில்.

அயலுக்குள்ள ஆளுக்கொரு கதை. தானாக விட்டால் சதமும் கிடைக்காது என்று ஒராள். ஈ.பி.எஃப். முழுக்க உடனே எடுக்கலாம் என்று இன்னொராள். எங்களில் மூத்த ஆள் தொழில் திணைக்களத்துக்குப் போய் விசாரித்தபோது இரண்டுமே பிழை என்று தெரிந்தது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். ஓவர்டைம் அதில் சேராது. ஊழியர் நம்பிக்கை நிதியை, அதாவது ஈ.டி.எஃப்.ஐ, வேலையை விட்டதும் கேட்கலாம். ஆனால் ஈ.பி.எஃப்.க்கு, வழமையாகப் பெண்கள் 50 வயதுவரை காத்திருக்க வேண்டும்.

கொப்பி ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். அம்மாவின் அடிப்படைச் சம்பளம் 32,000. அரைவாசி 16,000. அவ வேலையில் சேர்ந்து அப்போது ஒன்பது வருடமும் எட்டு மாதமும். அன்றைக்கு விட்டால் ஒன்பது வருடத்துக்கு 144,000. மார்கழி முடிய விட்டால் பத்து வருடத்துக்கு 160,000. ஈ.டி.எஃப். ஏறத்தாழ 80,000 வரும். வீட்டுக்கு மாதம் 42,000 வேண்டும், ஆறு மாதத்துக்கு 252,000. துண்டு விழுகிறது 12,000.

கணக்கு மார்கழி என்று சொன்னது. அம்மாவுக்கு அதுதான் பயம்.

"நாலு மாசம் எண்டுதான் சொல்லுவம். சண்டை முடியட்டும் எண்டன், பிள்ளையள் வளரட்டும் எண்டன். பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டே எனக்கு நாப்பது தாண்டிப் போச்சு."

அவ சொன்னது சரி. காசுக்காகக் காத்திருக்கிறதும் பயத்தில் தள்ளிப்போடுகிறதும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் அன்றைக்கே விலகல் கடிதத்தை எழுத வைத்தோம். மார்கழித் திகதியைப் போட்டு, அம்மாவே கையெழுத்து வைத்து, பிஸ்கற் ரின்னுக்குள் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்தா. அடுத்த நாள் வகுப்பில் தை மாதப் பயிற்சிக்குப் பெயரும் கொடுத்தா.

துண்டு விழுந்த 12,000ஐ எங்களிடம் விடச் சொன்னோம். மூத்த ஆள் லீவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்து அதைச் சேர்த்தார். சமையல், தண்ணி அள்ளுறது, சின்ன ஆளின் வீட்டுப்பாடம் எல்லாம் பங்கு பிரித்தோம். அதில் சண்டை வராமல் இல்லை.

கடிதம் கொடுத்த அன்று சுப்பவைசர், "இந்த வயசில என்னத்துக்கு?" என்று கேட்டாவாம். அம்மா பதில் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்துதான் எங்களுக்குச் சொன்னா: "அவவுக்கும் தோள் நோதான்."

இப்ப பயிற்சியில் மூன்றாவது மாதம். பணிக்கொடை வந்துவிட்டது. ஈ.டி.எஃப். இன்னும் வரவில்லை, இந்த மாதம் கடையில் கடன். பயிற்சி முடிய வேலை கிடைக்குமா, கிடைத்தால் சம்பளம் காணுமா என்று சொல்ல ஏலாது. சரியான முடிவுதானா என்று சில இரவுகளில் எங்களுக்கும் யோசனை வரும். ஆனால் அம்மா பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டில் நிற்கிறா. வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்துக் கனகாலம்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி வந்தால், "இப்ப வேண்டாம்" என்று உடனே சொல்லிப் போடாதேங்கோ. எத்தனை வருசம் முடிஞ்சுது என்று முதலில் கேளுங்கோ. பிறகு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவையோட பக்கத்தில இருங்கோ.