அப்பா கை தூக்கினார்!

கல்யாணம் ஆனால் பெண்ணுக்குக் கோத்திரம் மாறும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. அப்பா ஒரு சத்தியம் செய்தால் பெண்ணுக்குத் தேசமே மாறும் என்று கேள்விப்பட்டதுண்டா நீங்கள்? எங்கள் வீட்டில் மாறியது. அதுவும் ஒரு பெண்ணுக்கு மாறி, இன்னொருத்திக்கு மாறாமல் நின்றுவிட்டது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில். நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை எங்கள் நாலு பேருக்கும் ஒரே நாளில் வந்தது. ஐந்து வருஷம் கழிந்ததும் என் கணவர் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டார். நான் போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

குழந்தைகள் விஷயத்தில் அந்த ஊர்ச் சட்டம் தாராளமானது. பச்சை அட்டையுடன், பெற்றவர் பராமரிப்பில், அமெரிக்காவிலேயே வசிக்கும் குழந்தை பதினெட்டு வயதுக்குள் இருந்தால், தாய் தகப்பனில் ஒருவர் பிரஜையானாலே போதும். குழந்தையும் அந்த நிமிஷமே பிரஜை! மனு வேண்டாம், பரீட்சை வேண்டாம். 2001 பிப்ரவரி 27 முதல் இப்படி. அதற்கு முன்பு பெரும்பாலும் இருவருமே பிரஜையாக வேண்டியிருந்தது. தகப்பனோடு குழந்தையும் பிரஜை என்ற ஏற்பாடு 1790-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே உண்டாம். ஆனால் அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். நம்மவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1946-ல்தான்.

அப்போது பரீட்சையில் பத்துக் கேள்விக்கு ஆறு சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் முதல் ஆறையும் சரியாகச் சொல்லவே, அதிகாரி அதோடு நிறுத்திவிட்டார். மீதி நாலையும் கேட்கவில்லையே என்று இவருக்கு இன்றைக்கும் குறை!

ஆனால் பரீட்சை தேறினால் மட்டும் ஆயிற்றா? சத்தியப் பிரமாணம் செய்த பிறகுதான் பிரஜை. அதற்கு 2016 அக்டோபரில் ஒரு நாள் குறித்து வந்தது. காலண்டரைப் பார்த்தேன். அதற்கு ஒன்பது நாள் முன்னால் பெரியவளுக்குப் பதினெட்டு முடிகிறது.

அன்று மண்டபத்தில் இவர் வலது கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சின்னவள் பிரஜையாகிவிட்டாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து கை தட்டிய பெரியவள் ஆகவில்லை.

"ஒரே வயிற்றில் பிறந்ததுகளுக்கு இரண்டு ராஜ்யமா?" என்று திருச்சியிலிருந்து மாமியார் அங்கலாய்த்தார்.

"என்னை யாரும் கேட்கவே இல்லையே!" என்று சின்னவள் சிணுங்கினாள்.

"என்னைக் கேட்பார்கள். கேட்கும்போது யோசித்துச் சொல்கிறேன்" என்றாள் பெரியவள்.

அவள் யோசித்ததற்குக் காரணம் வீணை. படிப்பு முடிந்ததும் சென்னையில் இரண்டு மூன்று வருஷம் தங்கிக் கற்றுக்கொள்ள ஆசை. முன்கூட்டி விசேஷ அநுமதி வாங்காமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளிதேசத்தில் இருந்தால் பச்சை அட்டைக்கே ஆபத்து. பிரஜையாகிவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆனால் நம் நாடு இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஆக, சென்னையில் கவலையில்லாமல் தங்க வேண்டுமென்றால் முதலில் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்! வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க வந்து போகலாம். ஆனால் ஓட்டுக் கிடையாது, வயல் வாங்க முடியாது.

உங்கள் பெண்ணோ தங்கையோ அங்கே இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள். குழந்தை பிரஜையாவது தானாக நடக்கும். அத்தாட்சி தானாக வராது. தகப்பனாரின் பிரஜா உரிமைப் பத்திரம், குழந்தையின் பிறப்புச் சான்று, பச்சை அட்டை எல்லாவற்றையும் காட்டிப் பாஸ்போர்ட்டாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் மறு மாதமே சின்னவளுக்கு மனுப் போட்டோம்.

அது வந்ததும் எனக்கு ஒரு புதுச் சங்கடம். சிங்கம் போட்ட பாஸ்போர்ட்டும் நீலம், கழுகு போட்டதும் நீலம். பெட்டிக்குள் கை விட்டால் எது யாருடையது என்று தெரியவில்லை. பெரியவளுடையதற்கும் என்னுடையதற்கும் சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

2019-ல் பெரியவள் தானே மனுப் போட்டு, தானே பரீட்சை எழுதி, தன் கையையே தூக்கினாள். பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பும் முன் நூலை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். இப்போது என்னுடையதில் இரண்டு நூல் இருக்கிறது.