ஒன்பது பதினாறு ஸ்பேனர்

எங்கள் வீட்டு முன்வாசலில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் ஒரு ஜீப்பை நிறுத்தியிருக்கிறேன். மஹிந்திரா எம்எம் 540, 1994ஆம் வருடத்து வண்டி. கான்வாஸ் கூரையைக் கழற்றிப் பின் சீட்டுகளை மடக்கிவிட்டால் பின்பக்கம் முழுக்கச் சாமான் ஏற்றும் தொட்டிதான். தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்துக்குத் தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் மண்பாதை. உர மூட்டை ஏறுவதும், மிளகும் காப்பியும் மலைவாழைத் தாரும் இறங்குவதும் அந்தப் பாதையில்தான். 2011இல், ஓர் எஸ்டேட் கொட்டகையில் ஓடாமல் நின்றுபோயிருந்த இந்த வண்டியை வாங்கினேன். அன்றிலிருந்து இதன் வேலைகளை முடிந்தவரை வீட்டில் வைத்து நானேதான் செய்துவருகிறேன்.

வாங்கிய வாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ‘செய்ய வேண்டிய மாற்றங்கள்’ என்று தலைப்பிட்டு ஆறு எழுதினேன். பெரிய டயர். வண்டியின் உயரத்தைக் கூட்டுவது. பவர் ஸ்டியரிங். வேறு எஞ்சின். நல்ல விளக்கு. வின்ச். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஆறில் நான்கை அடித்துவிட்டேன். கையில் பணம் இல்லாமல் அடிக்கவில்லை. அவை தேவைப்படவில்லை என்பதை வண்டியே எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடம் ஒரு நட்டில் கிடைத்தது. புதிதாக வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். கமான் பட்டையைப் பிடித்திருக்கும் யு போல்ட்டின் நட்டுக்குப் பதினாலு நுழையவில்லை. பதினைந்தைப் போட்டு அழுத்தினேன். வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. எங்கள் தெருவழியாகப் போன பழைய ஜீப் மெக்கானிக் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் அவர் பாய், குனிந்து பார்த்தார். “தம்பி, இது இஞ்ச் கணக்கு வண்டி. இதுக்கு ஒம்பது பதினாறு வேணும்” என்றார். அடுத்த நாள் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெருகு போய்க் கறுத்த ரிங் ஸ்பேனர். நட்டில் வைத்ததும் அசையாமல் உட்கார்ந்தது.

ஒரு இஞ்சில் பதினாறில் ஒன்பது பங்கு என்பது 14.29 மில்லிமீட்டர். பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் விழும் அந்த அளவுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது வில்லிஸ் ஜீப். போர் முடிந்த பிறகு மஹிந்திரா நிறுவனம் உரிமம் வாங்கி அதை இந்தியாவில் செய்யத் தொடங்கியது. எம்எம் 540இன் சேஸும் அச்சும் அந்த வம்சம், ஆகவே இஞ்ச். எஞ்சின் மட்டும் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ வடிவமைப்பு, எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் துளையும் 90 மில்லிமீட்டர். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. மொத்தம் 2,112 சிசி. பானெட்டைத் திறந்தால் மில்லிமீட்டர், அடியில் படுத்தால் இஞ்ச். ஒரு வண்டி எந்தக் கணக்கில் பிறந்தது என்று தெரியாமல் அதில் கைவைத்தால், கெட்டுப்போகாமல் இருக்கும் நட்டையும் கெடுத்துவிடுவோம். நான் அப்படித்தான் ஒன்றைக் கெடுத்தேன்.

பட்டியலில் முதலில் அடிபட்டது எஞ்சின். சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி, பாதி மலை ஏறியதும் மூச்சு வாங்கும். மூன்றாவது கியர் இழுக்காது, இரண்டாவதும் திணறும். ஒரு பட்டறையில் பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்ப்புக்குச் செலவழிப்பதைவிட எஞ்சினையே மாற்றிவிடலாம் என்றும் சொல்லி, எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்கும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பாயிடம் காட்டினேன். அவர் ஒரு முழ நீளத்துக்கு, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டியூப் வாங்கிவரச் சொன்னார். டீசல் வரும் வழியில் ஃபில்டருக்கு முன்னால் அதைப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, “இங்கேயே பாருங்க” என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிர்மஞ்சள் டீசலுக்குள் கடுகு அளவில் ஒரு குமிழி போனது. பின்னால் இன்னொன்று. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் சரம்சரமாக வந்தன. டீசல் வெளியே கசிந்தால் தரையில் கறை தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் டீசல் கேட்கும் நேரத்தில், பாதி காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது எங்கள் ஜீப். குற்றவாளிகள் இரண்டு: கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்த ரப்பர் ஹோஸ், பலமுறை இறுக்கித் தேய்ந்துபோன காப்பர் வாஷர். இரண்டையும் மாற்றிவிட்டுக் காற்றை எடுத்தோம். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு தெளிந்த டீசல் வரும். அப்போது இறுக்க வேண்டும். பிறகு நாசில் பைப்புகளின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் பீறிட்டதும் இறுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த வாரம் மூன்றாவது கியரிலேயே மலை ஏறினேன்.

அடுத்தது ஸ்டியரிங். கை வலிக்கும் அளவுக்குக் கனம். போதாததற்கு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறினால் முன்சக்கரங்கள் இரண்டும் வெடவெடவென்று தலையாட்டும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். பவர் ஸ்டியரிங் போட்டால் சரியாகிவிடும் என்று எழுதி வைத்திருந்தேன். உண்மையில் நோய் சக்கரம் திரும்பும் மூட்டில் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக இரண்டு சின்ன கிங் பின் பேரிங். கழற்றித் துடைத்தபோது பேரிங் கப்பில் உருளைகள் பதிந்த இடமெல்லாம் நகத்தால் கீறியதுபோல் வரிவரியாகக் குழி. கிரீஸ் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். நான்கையும் மாற்றி, மெல்லிய ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் இறுக்கம் பார்த்தோம். அதைப் பார்க்கிற முறை எனக்கு மிகவும் பிடித்தது: ஸ்பிரிங் தராசின் கொக்கியை ஸ்டியரிங் கையில் மாட்டி இழுக்க வேண்டும். ஆறு கிலோ வாக்கில் முள் காட்டும்போது சக்கர மூட்டு நிதானமாகத் திரும்ப வேண்டும். அதற்கும் லேசாகத் திரும்பினால் தலையாட்டும்; மிகவும் கனத்தால் கை வலிக்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய தராசுதான் அன்று எங்களுக்கு ஆய்வுக்கூடம். தலையாட்டம் அன்றோடு நின்றது. பவர் ஸ்டியரிங்கை நோட்டில் அடித்தேன்.

உயரமும் டயரும் மிஞ்சின. இந்த இரண்டுக்கும் அக்கா மகன் பெரிய வக்கீல். கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், “மாமா, முப்பத்தொண்ணு இஞ்ச் டயர் போட்டா வண்டி எப்படி இருக்கும் தெரியுமா?” என்று போனில் படம் காட்டுவான். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கும் அதே ஆசை இருந்தது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இப்போதுள்ள டயரின் விட்டம் ஏறக்குறைய 29 இஞ்ச். 31 போட்டால் விட்டம் இரண்டு இஞ்ச் கூடும். ஆனால் அச்சு தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, ஒரே இஞ்ச். அந்த ஒரு இஞ்சுக்கு விலை என்ன? சக்கரம் ஒரு சுற்றில் ஏழு சதவீதம் கூடுதல் தூரம் ஓடுவதால், கியர் அத்தனையும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும். பிரேக் பிடிப்பதும் கடினமாகும். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். திருப்பத்தில் டயர் மட்கார்டை உரசும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்சி புத்தகத்தில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை உருமாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம் என்றானது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். அன்றைக்கு எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவது நேர்மையான வேலை ஆகாது.

கணக்கு முடிந்ததும் மருமகனே ஒரு கேள்வி கேட்டான். “புதுசா இருந்தப்போ இந்த வண்டி எவ்வளவு உயரம் இருந்திருக்கும் மாமா?” நான் அதுவரை நினைத்துப் பார்க்காத கேள்வி. கமான் பட்டைகளைக் கழற்றினோம். வில்போல் வளைந்திருக்க வேண்டியவை பலகைபோல் நேராகக் கிடந்தன. முன்பக்கத்தில் ஒரு பட்டை உடைந்தே இருந்தது. வத்தலக்குண்டில் கமான் பட்டறைக்குக் கொண்டுபோனோம். உடைந்ததற்குப் பதில் புதிது சேர்த்து, மற்றவற்றைச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து அடித்து வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி எடுத்துக் கொடுத்தார்கள். திரும்ப மாட்டிவிட்டு மருமகன் டேப்பைப் பிடித்தான். வண்டி ஒன்றரை இஞ்ச் உயர்ந்திருந்தது. பெரிய டயர் தருவதைவிட அரை இஞ்ச் கூடுதல். அது புதிதாக வாங்கிய உயரமல்ல. வண்டி இழந்து, நாங்கள் மீட்டுக்கொடுத்த உயரம்.

இப்படி நான்கு அடிபட்டன. ஆனால் மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்தாவதாக எழுதியிருந்த விளக்கை மாற்றத்தான் செய்தேன். பழைய ஜீப்பில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டில் உள்ள சுவிட்ச் வழியாகவே சுற்றிப் போகும். ஒரு பல்புக்கு ஐந்து ஆம்பியர், இரண்டுக்குப் பத்து. முப்பது வருடத்து மெல்லிய வயரும் கறுத்த இணைப்புகளும் வழியிலேயே கொஞ்சத்தைத் தின்றுவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பில் 11.2. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலே பொருத்தினேன். பல்பு அதேதான், 60/55 வாட். சுவிட்ச் இப்போது ரிலேக்குக் கட்டளை மட்டும் கொடுக்கிறது. மலைப் பாதையில் மாலை ஆறு மணிக்கே மூடிக்கொள்ளும் மேகத்துக்குள், வளைவுக் கல் முன்கூட்டியே தெரிகிறது. எதிரே வருபவர் கண் கூசுவதும் இல்லை. கண்ணில் படாமல் இருந்து, வண்டியின் இயல்பான வேலையை நன்றாகச் செய்ய வைக்கும் இந்த மாதிரி மாற்றத்தைத்தான் நல்ல மாற்றம் என்பேன்.

வின்ச்சை இன்னும் அடிக்கவில்லை, வாங்கவும் இல்லை. ஐப்பசி மழையில் மண்பாதை குழம்பாகும்போது நான்கு சக்கர ஓட்டமும் லோ கியரும் போதுமானதாக இருக்கின்றன. லோ கியருக்கான சின்ன லிவரைப் போட்டால் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடுகிறது. மண்வெட்டி, இரண்டு பலகை, தடித்த நைலான் பட்டை எப்போதும் வண்டியில் உண்டு. மேல் தோட்டத்துக்காரரின் ஜீப் நான்குமுறை என்னை இழுத்துவிட்டது. நான் அவரை ஐந்துமுறை.

வீட்டில் வண்டி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டோ கனத்த மரக்கட்டையோ சேஸுக்கு முட்டுக்கொடுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. நடுவில் பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடிப்பு அற்றுப்போகும். தூக்கிய சக்கரம் பின்புறமாகச் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் உருளத் தொடங்கும். பிரேக் வேலையை, நன்றாகத் தெரிந்தவர் பார்க்காமல் முடித்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

பழைய வண்டி வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மாற்ற வேண்டியவற்றை எழுதுங்கள், ஆசையோடு எழுதுங்கள். எழுதிய பிறகு ஒரு வருடம் அதைத் தொடாமல், வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவாருங்கள். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் கண்டுபிடியுங்கள். ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் மடக்கிப் பாருங்கள். செய்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு அந்தப் பட்டியலை எடுத்துப் படியுங்கள்; மிஞ்சுவது எதுவோ அதற்குப் பணம் செலவழியுங்கள்.

முதலில் ஒன்பது பதினாறு ஸ்பேனர் வாங்குங்கள். டயர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.