சைக்கிள் பாதையில் ஒரு கூட்ஸ் கார்டு

"ரயில் பாதைன்னா சமமாத்தானே மாமா இருக்கணும்? இது ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

மாப்பிள்ளை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்ட கேள்வி இது. மகள் வீட்டுக்கு நியூகாசில் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று காலை அவர் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் பக்கமிருந்து கான்செட் வரை பழைய ரயில் பாதையில் மிதித்துவிட்டு வந்திருந்தார். தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போகும் நெடும்பாதையின் ஒரு பகுதி அது. புத்திசாலிகள் மேற்கிலிருந்து கிழக்கே வருவார்களாம், இறக்கம் கிடைக்கும். இவர் தலைகீழாகப் போயிருக்கிறார்.

முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கூட்ஸ் கார்டு. (இப்போது எங்கள் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரேக் வேனில் ஃபேன் வந்ததா என்று கேட்காதீர்கள்.) அப்படிப்பட்டவனிடம் ரயில் பாதை சமமாக இருக்கணும் என்று சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அன்று இரவே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பாதையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காபி இரண்டு முறை ஆறிப்போனது.

மாப்பிள்ளை மூச்சு வாங்கிய இடம் 35-க்கு 1. அதாவது 35 அடி முன்னால் போனால் ஓர் அடி உயரம். எங்கள் மெயின் லைனில் 100-க்கு 1 வந்தாலே டிரைவர் நிமிர்ந்து உட்காருவார். பம்பாய்-புனே வழியில் கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் போர் காட் 37-க்கு 1. அதையே நாம் பெரிய மலைப்பாதை என்று கொண்டாடுகிறோம். இது அதைவிடச் சரிவு. இதில் ஏறியது டூரிஸ்ட் ரயில் இல்லை, இரும்புத்தாது.

கான்செட் ஒரு மேட்டூர். கடல் மட்டத்துக்கு மேல் 270 மீட்டர் அளவில், காற்று ஓயாமல் அடிக்கும் இடம். அந்த உச்சியில் போய் ஏன் இரும்பாலை கட்டினார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். காரணம் இருந்தது. 1840 வாக்கில் அங்கே தொழில் தொடங்கியபோது இரும்புக்கல், கோக் செய்ய ஏற்ற நிலக்கரி, இரண்டுமே காலடியில் கிடைத்தன. சுண்ணாம்புக்கல்லுக்கும் மேற்கே ஸ்டான்ஹோப்பிலிருந்து 1834-லேயே ஒரு ரயில் பாதை வந்துவிட்டது. சமையலறையிலேயே அரிசி, பருப்பு, விறகு எல்லாம் இருப்பதுபோல. ஆனால் உள்ளூர் இரும்புக்கல் சீக்கிரமே கைவிட்டது. தெற்கே கிளீவ்லாந்து குன்றுகளிலிருந்து கல் வாங்கினார்கள். அப்புறம் ஸ்பெயினிலிருந்து, பில்பாவோ பக்கத்துத் தாது கப்பலில் வந்தது. கடைசியில் மலைமேல் ஆலை, கடலோரம் தாது என்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நம் ஆட்கள்.

நம் ஆட்கள் என்றுதான் எழுத வருகிறது. நாடு வேறாக இருந்தாலும், ராத்திரி மழையில் ஏற்றத்தில் நிற்கும் கூட்ஸ் வண்டியில் இருப்பவன் எனக்குச் சொந்தக்காரன்தான்.

1953-இல் டைன் நதி முகத்துவாரம் பக்கம், டைன் டாக்கில், தாது இறக்கப் புதிய துறை அமைத்தார்கள். அங்கிருந்து கான்செட்டுக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 56 டன் தாது பிடிக்கும் பெரிய ஹாப்பர் வேகன்கள், வண்டிக்கு எட்டோ ஒன்பதோ. பக்கவாட்டுக் கதவுகள் காற்றழுத்தத்தில் திறக்கும். ஆலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி டிரைவர் காற்றைத் திறந்துவிட்டால் முழு வண்டியும் ஒரே மூச்சில் காலி. ஆளை வைத்து மண்வெட்டியால் தாது இறக்குவதைப் பார்த்தவன் என்பதால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இதை இழுக்க '9எஃப்' என்ற நீராவி என்ஜின். பத்து இயக்குசக்கரங்கள். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி என்ஜினும் (1960) இந்த ஜாதிதான். பத்து என்ஜின்களுக்கு மட்டும் அந்தக் கதவுகளைத் திறப்பதற்கென்றே பாய்லர் பக்கத்தில் காற்று பம்புகளைப் பொருத்தி டைன் டாக் ஷெட்டில் வைத்திருந்தார்கள்.

கணக்கு போடாமல் எனக்குத் தூக்கம் வராது. வேகன்களும் தாதுவும் சேர்ந்து 700 டன் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். என்ஜினும் டெண்டரும் கிட்டத்தட்ட 140. மொத்தம் 840 டன். 35-க்கு 1 ஏற்றத்தில் பூமி அதைப் பின்னால் இழுக்கும் பலம் 840-ஐ 35-ஆல் வகுத்தால் வருவது: 24 டன். ஒரு 9எஃப் முழுமூச்சாக இழுத்தால் கிடைப்பது 18 டன் சுமார். ஆக, என்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தனியாக முடியாது. அதனால் சவுத் பெலா என்ற இடத்திலிருந்து பின்னால் இன்னொரு என்ஜின் வந்து முட்டுக்கொடுத்துத் தள்ளும். நாங்கள் சொல்லும் அதே பேங்கர். ஒரு வண்டி தாதுவுக்கு இரண்டு என்ஜின், இரண்டு செட் ஆட்கள், இரண்டு மடங்கு நிலக்கரி. மேலே போய்க் கொட்டிவிட்டு, திரும்பி வந்து, மறுபடி.

கடலோரத்தில் இருக்கும் ஆலைக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. கப்பலிலிருந்து இறக்கினால் உலை. அப்படிப் பார்த்தால் கான்செட் ஆலை ஒவ்வொரு டன்னுக்கும் மலைக்கு வரி கட்டிக்கொண்டே நூறு வருடம் ஓடியிருக்கிறது. அத்தனை காலம் ஓட முடிந்ததில் அந்த இரண்டு என்ஜின் ஆட்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. ஆலை வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதமாட்டார்கள்.

முதலில் காரில் கான்செட்டைப் போய்ப் பார்த்தோம். ஆலை இருந்த இடத்தில் புல்வெளி, கடைகள், வீடுகள். 1997-இல் டோனி கிராக் என்ற சிற்பி வைத்த ராட்சத தியோடலைட்டும் லெவல் கருவியும் எஃகில் பளபளவென்று நிற்கின்றன. சர்வே கருவியைப் போய் இத்தனை பெரிதாகச் செய்திருக்கிறாரே என்று பேரன் சிரித்தான். எனக்கு அது சரியான இடத்தில் இருப்பதாகப் பட்டது. பக்கத்தில் ஹவுன்ஸ் கில் பள்ளத்தாக்கின் மேல் 1858-இல் கட்டிய செங்கல் பாலம், பன்னிரண்டு வளைவுகள், 46 மீட்டர் உயரம். கட்டியவர் தாமஸ் பவுச். பின்னால் அவர் கட்டிய டே பாலம் 1879-இல் புயலில் ரயிலோடு விழுந்தது. இது நிற்கிறது. இந்தப் பாலம் வருவதற்கு முன் வேகன்களை ஒவ்வொன்றாக ஒரு தொட்டில் வண்டியில் ஏற்றி, கயிற்றில் பள்ளத்தில் இறக்கி, எதிர்ப்பக்கம் இழுத்து ஏற்றுவார்களாம்.

இரண்டாம் முறை நான் மட்டும் பஸ்ஸில் ஸ்டான்லிக்குப் போய் இறங்கி, பீமிஷ் பக்கமாகக் கீழ்நோக்கி நடந்தேன். பிள்ளைகுட்டிகளோடு போனால் வேலை நடக்காது. இருபுறமும் மரங்கள், மணி அடித்துக்கொண்டு கடக்கும் சைக்கிள்கள். கண்ணுக்குச் சரிவே தெரியவில்லை. முழங்காலுக்குத் தெரிந்தது. ஓர் இடத்தில் குந்தி, செல்போனில் ரசமட்டம் காட்டும் வசதியைத் திறந்து தரையில் வைத்தேன். கணக்குப்படி ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல். போன் 2 என்று காட்டியது.

"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று ஒரு குரல். நாயோடு வந்த பெரியவர், எழுபது வயது இருக்கும். அந்த ஊர் ஆங்கிலம் பாதிதான் எனக்குப் பிடிபடும். நான் ரயில்வே ஆள், சரிவைப் பார்க்கிறேன் என்றதும் அவர் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

சின்ன வயதில் பாதையை ஒட்டிய தெருவில் வீடாம். ராத்திரி படுத்திருக்கும்போது இரண்டு என்ஜின் சத்தமும் கேட்கும். முன்னதும் பின்னதும் தாளம் சேராமல், சேர்ந்து, மறுபடி விலகும். வீல் ஸ்லிப் ஆனால் சத்தம் சடசடவென்று ஓடி நின்றுபோகும், அப்போது படுக்கையில் இவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வாராம். 1966 நவம்பரில் நீராவி நின்றது, டீசல் வந்தது. இவர் வளர்ந்து ஆலைக்கே வேலைக்குப் போனார். காய்ப்போட்ட துணியெல்லாம் சிவப்புத் தூசு. அம்மாக்கள் திட்டுவார்கள். தாது இறக்குமதி தெற்கே ரெட்காருக்கு மாறி, வண்டிகள் இன்னும் தூரத்திலிருந்து வந்தன. 1980 செப்டம்பரில் ஆலையை மூடினார்கள். 3,700 பேர் அளவில் வேலை போயிற்று. "அந்த வருடம் நாங்கள் லாபத்தில்தான் ஓடினோம்" என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியத்தை மட்டும் நின்று நிதானமாகச் சொன்னார். 1984-இல் பாதையும் மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள்.

பிறகு என்ன வேலைக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்தில் ஒரு பெஞ்ச். உட்கார்ந்தேன். வீல் ஸ்லிப் ஆகி நின்றுபோகும் சத்தம் என்று அவர் சொன்னாரே, அதுதான் என்னை விடவில்லை.

1987, மழைக்காலம். ஊர் பெயர் வேண்டாம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காட் செக்‌ஷன். அன்று பேங்கர் கிடைக்கவில்லை, சுமை குறைவுதானே என்று அனுப்பிவிட்டார்கள். பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி வண்டி நின்றது. உதவி என்ஜின் வர இரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் காலத்து வாக்குவம் பிரேக் நேரமாக ஆக இளகிவிடும். அதனால் வேகன் வேகனாக ஹேண்ட் பிரேக்கைக் கையால் அழுத்திப் போட வேண்டும். முன்பக்கம் அசிஸ்டெண்ட் டிரைவர் போடுவார், பின்பக்கம் கார்டு. எனக்கு பத்து வேகன் என்று பேச்சு.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒற்றைக் கால் வைக்க இடம். மழையில் லாந்தர் அணைந்து அணைந்து எரிந்தது. ஆறு போட்டேன். ஏழாவது லீவர் அசையவில்லை. அதற்கு மேல் எனக்குக் கால் வரவில்லை, பயம்தான். திரும்பிப் பிரேக் வேனில் ஏறிக்கொண்டேன். டார்ச்சோடு வந்து "எத்தனை சார்?" என்று கேட்ட அசிஸ்டெண்ட் டிரைவரிடம் "பத்து" என்றேன். இருபத்து மூன்று வயதுப் பையன், அதை நம்பி, ஹோஸ் பைப் பார்க்க இரண்டு வேகன்களுக்கு நடுவே புகுந்தான்.

வண்டி நகர்ந்தது. ஆறடி, ஏழடி இருக்கும். கிறீச்சென்று நின்றுவிட்டது. அவன் பள்ளத்துப் பக்கமாகத் துள்ளி விழுந்து ஒரு செடியைப் பிடித்துக்கொண்டான். எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பிரேக் பிளாக் தேஞ்சிருக்கும் சார்" என்றான். "ஆமாம், தேய்ந்திருக்கும்" என்றேன். அவன் முன்னால் போனதும் இறங்கி, கை நடுங்க மிச்சம் நாலையும் போட்டேன். ஏழாவது லீவரும் அசைந்தது. ஜர்னலில் பத்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

அவர் லோகோ பைலட்டாகி ஓய்வு பெற்றுவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் ரோஜாப்பூ போட்டுக் குட்மார்னிங் அனுப்புவார். நான் எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறவர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: "சூப்பர் சார். கிரேடு எவ்வளவு?"

"35-க்கு 1" என்றேன்.

"அய்யோ. பேங்கர் உண்டா?"

"உண்டு" என்று போட்டுவிட்டு, அடுத்த வரியை அடித்து, அழித்து, போனைப் பையில் வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

தம்பி, பிளாக் தேயவில்லை. நீங்கள் கேட்டபோது நான் போட்டிருந்தது ஆறு.