ஹெல்வெலின் முகட்டில் ஒரு ஜனவரி

இங்கிலாந்தின் லேக் மாவட்டத்தில் இருக்கும் ஹெல்வெலின் மலையின் உயரம் 950 மீட்டர். அவ்வளவுதானா என்று கேட்பவர்களை ஜனவரியில் கூட்டிப் போக வேண்டும்.

கிளென்ரிடிங் கிராமத்திலிருந்து நாங்கள் நான்கு பேரும் கிளம்பும்போது சரியாக விடியவில்லை. மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் எல்லோரிடமும் தலைவிளக்கு. மலையுச்சி அறிக்கையை முதல் நாளே படித்தாயிற்று. குளிர்காலம் முழுக்க தினமும் ஒருவர் இந்த மலையில் ஏறிப் பனியின் தன்மை, காற்று, குளிர் எல்லாவற்றையும் எழுதிப் போடுகிறார். சம்பளத்துக்குச் செய்யும் வேலை! "ஆள் எடுக்கிறார்களா?" என்று நண்பர் கேட்டார். முகட்டுக்குப் போனபின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற அந்த முகட்டை இரண்டு பக்கமும் பனியாறுகள் அரித்துக் கூராக்கியிருக்கின்றன. வலப்பக்கம் கீழே ரெட் டார்ன் ஏரி உறைந்து கிடந்தது. பாறைகளில் வெண்பனி இறகு இறகாக ஒட்டியிருந்தது. அந்த இறகுகள் காற்று வரும் திசையை நோக்கியே வளரும். முந்தின இரவு காற்று எங்கிருந்து வீசியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பூட்ஸில் மாட்டிய கிராம்பான் முட்கள் பாறையில் உரசும்போதெல்லாம் பல் கூசியது. முகட்டின் கடைசியில் ஒரு பாறை இடுக்கு. மலையைப் பார்த்துத் திரும்பி, காலால் துழாவித் துழாவி இறங்கினோம். கோடையில் இங்கே வரிசை நிற்கும். அன்று எங்களைத் தவிர யாருமில்லை.

உச்சிக்குச் சற்று முன்பு சார்லஸ் காஃப் நினைவுக்கல். 1805-ல் இங்கே விழுந்து இறந்த ஓவியர். மூன்று மாதம் கழித்து உடல் கிடைத்தபோது அவருடைய நாய் பக்கத்திலேயே இருந்ததாம். வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அதன் விசுவாசத்தைப் பாடினார்கள். அத்தனை நாள் அது எதைத் தின்றது என்று கேட்டவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

உச்சி, மைதானம் போலத் தட்டை. மேற்கிலிருந்து வீசும் காற்று பனியை வாரிக்கொண்டுபோய் ஏரிப் பக்க விளிம்புக்கு வெளியே கூரைபோல நீட்டிவிடுகிறது. மேலே நிற்பவருக்கு அது தரை மாதிரியே தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. ஸ்விரல் எட்ஜ் என்ற இன்னொரு முகட்டின் வழியாக இறங்குவதாகத்தான் திட்டம். அதன் வாசலிலும் அப்படியொரு கூரை. யாரும் வாதாடவில்லை, வடக்கே ஒயிட் சைடு மலை வழியாகச் சுற்றி, கெப்பல் கோவ் பாதையில் இறங்கினோம்.

போக நினைப்பவர்களுக்கு: பனிக்கோடாரியும் கிராம்பானும் வாங்கினால் மட்டும் போதாது, பழகியிருக்க வேண்டும். பழகாதவர்கள் ஹவ்டவுனிலிருந்து அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக கிளென்ரிடிங்குக்கு நடக்கலாம். அதுவும் நல்ல நடைதான்.